ஒரே பகலில் ஒரு மலை வட்டம்! கிரேக்கத்தின் ஸகோரியில் இத்தனை அதிசயங்கள் இருப்பது தெரியுமா?

காலையில் ஒரு கல் கிராமத்திலிருந்து புறப்படுகிறீர்கள். பள்ளத்தாக்கில் இறங்கி, கல்பாலத்தில் ஆற்றைக் கடந்து, எதிர்மலையில் ஏறினால் அங்கே இன்னொரு கல் கிராமம். மறுபடி இறக்கம், மறுபடி பாலம், மறுபடி ஏற்றம், மூன்றாவது ஊர். பொழுது சாய்வதற்குள் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடலாம். வழியின் பெரும்பகுதியில் உங்கள் காலடியில் இருப்பது முன்னூறு ஆண்டுகளாக மனிதர்கள் கையால் பாவி வைத்த கல்! இப்படி ஒரு நடைவட்டம் உலகத்தில் இருக்கிறது, தெரியுமா?

இருக்கிறது. கிரேக்க நாட்டின் வடமேற்கில், எபிரஸ் மாநிலத்தில், பிண்டஸ் மலைத்தொடரின் மடிப்புகளுக்குள் ஸகோரி என்று ஒரு வட்டாரம். மொத்தம் 46 கிராமங்கள். 2023-இல் யுனெஸ்கோ இந்த வட்டாரத்தை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. ஏதென்ஸின் அக்ரோபோலிஸை அறியாதவர் இல்லை. அதே நாட்டில் இருக்கும் ஸகோரியை நம்மில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறோம்?

வட்டத்தை வீட்சா என்ற ஊரில் தொடங்கலாம். இந்த ஊருக்கு எவ்வளவு வயது தெரியுமா? இங்கே தோண்டிய தொல்லியலாளர்கள் கி.மு. 9-ஆம் நூற்றாண்டிலிருந்து கி.மு. 4-ஆம் நூற்றாண்டு வரை மொலோசியர் என்ற குலத்தார் வாழ்ந்த குடியிருப்பையும் இடுகாட்டையும் கண்டெடுத்தார்கள். யார் இந்த மொலோசியர்? மாவீரன் அலெக்சாண்டரின் தாய் ஒலிம்பியாஸ் பிறந்த குலம்!

வீட்சாவிலிருந்து பள்ளத்தாக்குக்கு இறங்கும் படிவழியைப் பார்த்தால் கண் இமைக்க மறந்துபோகும். செங்குத்தான மலைச்சரிவில் இடமும் வலமுமாக வளைந்து வளைந்து இறங்கும் அகலமான கல்படிகள். இந்தப் பாதைகளை அந்த ஊர்க்காரர்கள் கல்தெரிமி என்கிறார்கள். படியின் உயரம் ஏன் இவ்வளவு குறைவு, ஒவ்வொரு படியும் ஏன் இவ்வளவு நீளம் தெரியுமா? சுமை ஏற்றிய கோவேறு கழுதைகளும் ஏறி இறங்க வேண்டுமே! பாதையின் குறுக்கே சற்று இடைவெளி விட்டு விட்டுக் கற்களை விளிம்பு மேலே தெரியும்படி செங்குத்தாக நட்டிருப்பார்கள். குளம்புக்குப் பிடிமானம் கிடைக்கும், மழைநீரின் வேகமும் தணியும். இரண்டு வேலைக்கு ஒரே கல்! ஓரச் சுவர்களில் சாந்தே கிடையாது. கல்லோடு கல்லைப் பொருத்தியே நிற்க வைத்திருக்கிறார்கள். கிரேக்கம் உட்பட எட்டு நாடுகளின் இந்தச் சாந்தில்லாக் கற்கட்டு வித்தையை 2018-இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களில் ஒன்றாகச் சேர்த்தது.

படிகள் முடியும் இடத்தில் மிஸியோஸ் பாலம். கட்டிய ஆண்டு 1748. அங்கிருந்து எதிர்மலையில் ஏறினால் குக்குலி கிராமம். அதைத் தாண்டி இறங்கினால், 1750-இல் கட்டிய கொக்கோரு பாலம். இருபுறமும் பாறைச் சுவர்கள் நெருக்கி நிற்க, நடுவே ஒற்றை வளைவாகத் தாவி நிற்கும் இந்தப் பாலத்தைத்தான் ஸகோரியின் எல்லாப் பாலங்களிலும் அழகானது என்பேன். சற்றுத் தள்ளி கீபி என்ற ஊருக்கருகில் மூன்று வளைவுகளோடு இன்னொரு பாலம் இருக்கிறது. புகைப்படக்காரர்கள் அதைத்தான் கொண்டாடுகிறார்கள். கொண்டாடட்டும்! என் ஓட்டு கொக்கோருவுக்குத்தான்.

இந்தப் பாலங்களின் பெயர்களைக் கவனித்தீர்களா? அரசர் பெயர் ஒன்றுகூட இல்லை! மிஸியோஸ் பக்கத்து ஊர்க்காரர், கைக்காசைப் போட்டுப் பாலம் கட்டியவர். கொக்கோரு பாலத்துக்கு முதலில் நூட்ஸோஸ் என்ற கொடையாளியின் பெயர்தான் இருந்தது. பிற்காலத்தில் அதைச் செப்பனிட்டவரின் பெயர் நிலைத்துவிட்டது. மூன்று வளைவுப் பாலத்துக்குப் பணம் கொடுத்தவர் ஒரு மடத்துத் துறவி. ஊருக்கும் ஊருக்கும் நடுவே ஓடும் ஆற்றைக் கடக்க வழி வேண்டும், யார் கையில் காசு இருக்கிறதோ அவர் கட்டிக் கொடுப்பார். அவ்வளவுதான் கணக்கு!

ஒற்றை வளைவுப் பாலம் எப்படி நிற்கிறது தெரியுமா? முதலில் ஆற்றின் மேல் மரத்தால் வளைவாகச் சாரம் கட்டுவார்கள். இரு கரையிலிருந்தும் ஆப்பு வடிவில் கொத்திய கற்களை அந்தச் சாரத்தின் மேல் அடுக்கிக்கொண்டே வந்து, உச்சியில் கடைசிக் கல்லை இறுக்கி இறக்குவார்கள். பிறகு சாரத்தைப் பிரிப்பார்கள். ஒவ்வொரு கல்லும் விழப் பார்க்கும், அடுத்த கல் விடாது! விழத் துடிக்கும் பாரமே பாலத்தைத் தூக்கிப் பிடிக்கும் பலம் ஆகிவிடுகிறது. வளைவு ஏன் இவ்வளவு உயரம் என்றால், வசந்தத்தில் பனி உருகி வரும் வெள்ளம் முட்டாமல் அடியில் பாய வேண்டும். 270 ஆண்டு வெள்ளங்களுக்கு இந்தப் பாலங்கள் பதில் சொல்லியாகிவிட்டது.

கட்டிய கொத்தனார்கள் யார்? கோனிட்ஸா என்ற ஊருக்கு அப்பால் உள்ள மலைக்கிராமத்து ஆட்கள். தலைமைக் கொத்தர், கல்லுடைப்பவர், தச்சர், எடுபிடிச் சிறுவர்கள் என்று குழுவாகச் சேர்ந்து, கழுதைகளில் கருவிகளை ஏற்றிக்கொண்டு வசந்தத்தில் புறப்படுவார்கள். குளிர் தொடங்கும்போதுதான் வீடு திரும்புவார்கள். வேலை கொடுப்பவருக்கு முன்னால் தங்களுக்குள் பேசிக்கொள்ள ஒரு ரகசிய மொழியே வைத்திருந்தார்கள், தெரியுமா? குடாரிடிகா என்பது அதன் பெயர். கூலி, சாப்பாடு, முதலாளியின் குணம் எல்லாவற்றையும் அவர் எதிரிலேயே அலசலாம், அவருக்கு ஒன்றும் புரியாது!

கோனிட்ஸாவிலேயே 1870 வாக்கில் கட்டிய ஒரு பெரும் பாலம் இருக்கிறது. அதன் வளைவுக்கு அடியில் ஒரு மணி தொங்குகிறது. எதற்கு? காற்று பலமாக அடித்தால் மணி தானாக ஒலிக்கும். ஒலித்தால் பாலத்தில் கால் வைக்காதே என்று பொருள்!

வட்டத்துக்குத் திரும்புவோம். கொக்கோருவிலிருந்து ஏறினால் மூன்றாவது ஊரான திலோஃபோ. கார்கள் ஊர் எல்லையோடு நின்றுவிட வேண்டும். உள்ளே கல்தெருக்கள், கல்வீடுகள், கூரையும் பலகைக்கல். ஊர்ச் சதுக்கத்தில் பெரிய பிளேன் மரம். மற்ற எல்லா வீடுகளையும் விட ஓங்கி நிற்கும் ஒரு மாளிகையும் இங்கே உண்டு. ஏன் அந்த உயரம்? குக்குலியிலிருந்து இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த மணப்பெண், பிறந்த வீட்டைப் பார்க்க முடியாத ஏக்கத்தில் வாடக் கூடாது என்று, பள்ளத்தாக்குக்கு அப்பால் தன் ஊர் தெரியும் அளவுக்கு அந்த வீட்டை உயர்த்திக் கட்டினார்கள் என்று ஊரார் சொல்கிறார்கள். காலையில் நீங்கள் கடந்துவந்த அதே குக்குலிதான்! ஒரு நாளில் நடந்து முடிக்கும் தூரத்தை ஒரு பெண் ஆயுள் முழுக்க சன்னலிலிருந்து பார்த்திருக்கிறாள் என்று எண்ணும்போது மனம் கனக்கிறது.

திலோஃபோவிலிருந்து வீட்சாவுக்குத் திரும்பினால் வட்டம் முடிகிறது. சரி, இவ்வளவு செழிப்பு இந்தக் கரட்டு மலைக்கு எப்படி வந்தது? ஒட்டோமான் பேரரசு வந்தபோது ஸகோரி மக்கள் வரி கட்டவும், சுல்தானின் குதிரைகளைப் பராமரிக்க ஆட்களை அனுப்பவும் ஒப்புக்கொண்டு, பதிலுக்குத் தங்கள் ஊரைத் தாங்களே ஆளும் உரிமையைப் பெற்றார்கள். 15-ஆம் நூற்றாண்டில் தொடங்கிய அந்த ஏற்பாடு 1868 வரை நீடித்தது! ஆண்கள் கான்ஸ்டான்டினோபிள், ருமேனியா, ரஷ்யா, எகிப்து என்று பிழைக்கப் போனார்கள். சம்பாதித்த பணம் ஊருக்குத் திரும்பி வந்து பள்ளிக்கூடமாக, பாலமாக, மாளிகையாக எழுந்தது. வீட்சாவுக்குப் பக்கத்து ஊரான மொனோதெந்திரியில் பிறந்த ரிஸாரிஸ் சகோதரர்கள் ரஷ்யாவில் வணிகம் செய்து சேர்த்த செல்வத்தில் உருவானதுதான் ஏதென்ஸின் புகழ்பெற்ற ரிஸாரியோஸ் பள்ளி.

இனி, இந்த ஊர்களை ஒட்டிப் பிளந்து கிடக்கும் விக்கோஸ் பள்ளத்தாக்கு! ஓரிடத்தில் அதன் ஆழம் 900 மீட்டர், இரண்டு விளிம்புகளுக்கும் இடையே வெறும் 1,100 மீட்டர். அகலத்தோடு ஒப்பிட்டால் உலகிலேயே ஆழமான பள்ளத்தாக்கு என்று கின்னஸ் புத்தகம் இதைப் பதிந்திருக்கிறது. மலை முழுக்கச் சுண்ணாம்புக்கல். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இது கடலடி! இந்தக் கல் தண்ணீரைக் குடித்துவிடும். அதனால் கோடையில் பள்ளத்தாக்கின் படுகை பல கிலோமீட்டருக்கு வறண்டு கிடக்கும். உள்ளே இறங்கிய நீர் எங்கே போயிற்று? விக்கோஸ் என்ற ஊரின் அடிவாரத்தில் பாறைக்கடியிலிருந்து வொய்தோமாட்டிஸ் ஆறாகப் பொங்கி வருகிறது. நடுக்கோடையிலும் காலை வைத்தால் மரத்துப்போகும், அடிக்கல்லை எண்ணலாம், அவ்வளவு தெளிவு!

அந்த ஆற்றங்கரையில் க்ளிதி என்ற பாறைக்குடை இருக்கிறது. கடைசிப் பனியுகத்தில் வேடர்கள் அங்கே தங்கி, மலையாடுகளை வேட்டையாடித் தின்று போட்ட எலும்புகளை ஆய்வாளர்கள் குவியலாகக் கண்டெடுத்தார்கள். அவர்கள் வேட்டையாடிய ஷாமுவா மலையாடுகளின் வம்சம் இன்றும் மேலே தீம்ஃபி மலையின் சிகரங்களில் துள்ளித் திரிகிறது!

செத்துப் பிழைக்கும் செடி ஒன்று உண்டு, தெரியுமா? ரமோண்டா செர்பிகா. விக்கோஸின் பாறை இடுக்குகளில், நிழலில், ஊதாப் பூவோடு வளர்கிறது. நீர் இல்லாவிட்டால் சருகாகச் சுருண்டுவிடும். செத்தது என்றுதான் நினைப்போம். தண்ணீர் பட்டால் மீண்டும் பசுமையாகிவிடும்! இதன் உறவுச் செடிகள் பெரும்பாலும் வெப்ப நாடுகளில்தான் இருக்கின்றன. ஐரோப்பா சூடாக இருந்த ஒரு காலத்தின் மிச்சமாக, பனியுகத்தைத் தாண்டி, இந்தப் பள்ளத்தாக்கில் தப்பிப் பிழைத்திருக்கிறது. இங்கே மூலிகைகளும் ஏராளம். அவற்றைப் பறித்து மருந்து செய்த 'விக்கோஸ் வைத்தியர்கள்' ஊர் ஊராக, நாடு நாடாக நடந்து வைத்தியம் பார்த்தார்கள். குக்குலியின் ஆசிரியர் கோஸ்டாஸ் லாசரிதிஸ் இந்த மலைச் செடிகளைச் சேகரித்துப் பாதுகாப்பதைத் தன் வாழ்நாள் பணியாகவே செய்தார்.

ஊர்களுக்கு மேலே சரிவில் அடர்ந்த காட்டுத் துண்டுகள் தெரியும். கோயில்காடுகள்! கிளை ஒடித்தால் சாபம் என்று திருச்சபையின் பெயரால் கட்டளை இருந்தது. காரணம் என்ன தெரியுமா? அந்த மரங்கள் போனால் மண்ணும் பாறையும் சரிந்து ஊரையே மூடிவிடும். நூற்றாண்டுகளாக ஊரைக் காத்தது அந்தச் சாபமும் அந்த வேர்களும் சேர்ந்துதான்.

வட்டத்துக்கு வெளியே இரண்டு மட்டும் சொல்கிறேன். வ்ரதெட்டோ என்ற உச்சி ஊருக்கு 1970-கள் வரை சாலையே கிடையாது, மலைச்சுவரில் வளைந்தேறும் கல்படிகள்தான் ஒரே வழி. தீம்ஃபியில் 2,050 மீட்டர் உயரத்தில் டிராகன் ஏரி இருக்கிறது. அதில் நீந்தும் ஆரஞ்சு வயிற்று மலைப்பல்லிகளைக் குட்டி டிராகன்கள் என்கிறார்கள். பல்லி போலத் தெரிந்தாலும் அவை தவளை இனத்துக்கு உறவு.

இந்த மலைவழிகள் போரையும் கண்டவை. 1940 அக்டோபர் 28-இல் இத்தாலியப் படை அல்பேனியா வழியாகக் கிரேக்கத்துக்குள் நுழைந்தபோது, வாகனம் போக முடியாத இந்த மலைவழிகளில் வெடிப்பொருள்களை முதுகில் சுமந்து போர்முனைக்கு ஏற்றியவர்கள் பிண்டஸ் மலைப் பெண்கள். அஸ்ப்ராங்கெலி என்ற ஸகோரி ஊரில் அவர்களுக்குச் சிலை நிற்கிறது. 1943-இல் ஜெர்மானியப் படை இங்கே பல கிராமங்களைத் தீயிட்டது. ஒருகாலத்தில் செழித்த இந்த ஊர்கள் சிலவற்றில் இன்று குளிர்காலத்தில் விரல்விட்டு எண்ணும் பேர்தான் தங்குகிறார்கள்.

போக நினைப்பவர்கள் யானினா நகரிலிருந்து வீட்சாவுக்குப் போகலாம். மே, ஜூன் அல்லது செப்டம்பர், அக்டோபர் நல்ல காலம். குடிநீரைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள், படுகை வறண்டிருக்கலாம். மழை பெய்தால் பாவிய கல் வழுக்கும், நல்ல பிடிமானமுள்ள காலணி அவசியம். செடிகளைப் பறிக்காதீர்கள். யானினாவில் தங்கிவிட்டு ஒரு நாளில் பார்த்துத் திரும்பாமல், இந்தக் கிராமங்களிலேயே இரவு தங்குங்கள், அங்கேயே சாப்பிடுங்கள். கல்லைச் செப்பனிட ஊரில் ஆள் இருந்தால்தான் அந்தப் படிகள் அடுத்த தலைமுறைக்கும் இருக்கும்.