ஏரிப் பள்ளத்தில் ஒரு கோல்ஃப் திடல்

பெங்களூரின் ஆடுகோடிக்கு வடகிழக்கே, பழைய விமான நிலையச் சாலையை அடுத்து, கர்நாடக கோல்ஃப் சங்கத்தின் 18 குழித் திடல் பச்சைப்பசேலென்று விரிந்திருக்கிறது. அந்த இடத்தில் முன்பு இருந்தது சல்லகட்டா ஏரி. வற்றாத ஆறு இல்லாத மேட்டுநில நகரம் பெங்களூர். மழைநீரைக் கரை கட்டித் தேக்கி, நிரம்பியதைக் கலிங்கு வழியே அடுத்த ஏரிக்கு அனுப்பும் ஏரித்தொடர்தான் அதற்குச் சோறு போட்டது. கோரமங்களா–சல்லகட்டா பள்ளத்தாக்கின் நீர் இன்றும் பெள்ளந்தூர் ஏரிக்கே போகிறது. ஆகவே இத்திடலின் மதிப்பை அழகைக் கொண்டு மட்டும் தீர்மானிக்க முடியாது. தண்ணீரை அது என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

ஏரி தண்ணீரை நிறுத்தும். கோல்ஃப் திடல் தண்ணீரை வெளியேற்றும். 108 மில்லிமீட்டர் அகலக் குழி அமைந்த ‘கிரீன்’ பகுதியைப் பாருங்கள். இன்று பரவலாகக் கையாளும் முறையில், அடியில் துளையிட்ட குழாய்கள், அதன்மேல் 10 செ.மீ. சரளை, அதற்கும் மேல் 30 செ.மீ. மணற்கலவை. மேலே வளர்வது பெரும்பாலும் நம் அருகம்புல்லின் கலப்பினம். மூன்று நான்கு மில்லிமீட்டர் உயரத்துக்கு ஒட்ட வெட்டப்படும். மழை விட்ட சிறிது நேரத்தில் பந்து உருள வேண்டும் என்பதற்கே இத்தனை ஏற்பாடு. மணல் நீரை அதிகம் பிடித்துவைக்காது என்பதால் வெயில் காலத்தில் அடிக்கடி பாய்ச்சியே ஆகவேண்டும்.

கான்கிரீட்டைவிடப் புல் மேல் அல்லவா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். தர்மாம்புதி ஏரி மெஜஸ்டிக் பேருந்து நிலையமானது. சம்பங்கி ஏரியில் கண்டீரவா விளையாட்டரங்கம் எழுந்தது. அவற்றோடு ஒப்பிட்டால் இங்கே மண் மூச்சுவிடுகிறது, மரம் நிற்கிறது, மழை கொஞ்சமாவது உள்ளே இறங்குகிறது. திடலுக்குள் குட்டைகளும் உண்டே என்பது அடுத்த வாதம். ஆனால், ஆட்டத்துக்குத் தடையாக வெட்டிய குட்டை, வெள்ளத்தை வாங்கி வைத்துக்கொள்ளும் ஏரிக்கு ஈடாகாது. அதற்கேற்ற ஆழமும் கரையும் வேண்டும். புல்லுக்குப் பாய்ச்சும் நீருக்கும் மாற்று உண்டு: இதே பள்ளத்தாக்கின் கழிவுநீர் சுத்திகரிக்கப்பட்டு 2018 முதல் கோலார் மாவட்ட ஏரிகளை நிரப்புகிறது. அது முடியுமென்றால், நகரத்தின் எந்தக் கோல்ஃப் புல்லுக்கும் ஆழ்துளைக் கிணற்று நீர் தேவையில்லை. ஏரி நிலத்தில் அமைந்த திடல் சுத்திகரித்த நீரிலேயே வாழட்டும். மழைநீரைத் தேக்கி, ராஜகால்வாய் எனப்படும் பெரிய வடிகாலில் மெல்ல விடட்டும். ஏரியின் இடத்தை எடுத்துக்கொண்டவர்கள் ஏரியின் வேலையிலும் ஒரு பங்கைச் செய்தாக வேண்டும்.