நியூட்ரல் அறுந்தால் டி.வி. ஏன் எரிகிறது?

மின்சாரம் பழகுவோம் – 9

வோல்ட்டை மின்தடையால் வகுத்தால் ஆம்பியர். போன வாரம் பார்த்த இந்த ஓம் விதியை வைத்து, இரண்டு குண்டு பல்புகளுக்குக் கணக்குப் போடுவோம். ஒன்று 100 வாட், மற்றது 40 வாட். இரண்டும் 230 வோல்ட் பல்புகள்.

வோல்ட்டின் வர்க்கத்தை வாட்டால் வகுத்தால் மின்தடை கிடைக்கும். 100 வாட் பல்புக்கு 529 ஓம்; 40 வாட் பல்புக்கு சுமார் 1,322 ஓம். வாட் குறைந்த பல்புக்குத்தான் தடை அதிகம். இதை மறக்க வேண்டாம்.

வீட்டு வயரிங் பக்க இணைப்பு. ஆளுக்கு முழு 230 வோல்ட். ஒன்று 0.435 ஆம்பியர் இழுக்கும், மற்றது 0.174, மொத்தம் 0.609. 230-ஐ இதனால் வகுத்தால் மொத்தத் தடை 378 ஓம். இரண்டில் சிறிய தடையைவிடவும் இது குறைவு. மாணவர்கள் தடுமாறும் இடம் இதுதான். மின்னோட்டத்துக்கு இன்னொரு வழி திறந்துவிட்ட பிறகு தடை எப்படிக் கூடும்?

அதே பல்புகளைத் தொடர் இணைப்பில் மாட்டினால் வழி ஒன்றே ஒன்று. இரண்டிலும் ஒரே மின்னோட்டம். தடைகளின் கூட்டல் சுமார் 1,852 ஓம், மின்னோட்டம் 0.124 ஆம்பியர். அதை அந்தந்தத் தடையால் பெருக்குங்கள்: 40 வாட் பல்புக்கு 164 வோல்ட், 100 வாட் பல்புக்கு வெறும் 66. பளிச்சென்று எரிவது 40 வாட் பல்பு! நேரில் மாட்டிப் பார்த்தால் வித்தியாசம் இன்னும் கூடும். சூடு குறைந்த இழையின் தடையும் குறைவதால், மங்கிய பல்பின் பங்கு மேலும் சுருங்கும். இந்தப் பங்குகளைக் கூட்டினால் கொடுத்த வோல்ட் வந்தே தீரும். இந்த விதியை 1845-ல் வகுத்த கிர்க்காஃப், அப்போது கோனிக்ஸ்பெர்க் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த 21 வயது மாணவர்!

இனி தெருவுக்கு வருவோம். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட். இரண்டு ஃபேஸுகளுக்கு இடையே 400. டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் நியூட்ரல் அறுந்துவிட்டால், வெவ்வேறு ஃபேஸில் உள்ள இரண்டு வீடுகள் அந்த 400 வோல்ட்டில் தொடர் இணைப்பாக மாட்டிக்கொள்ளும். மூன்றாவது ஃபேஸை இப்போதைக்கு விட்டுவிடுவோம். ஒரு வீட்டில் 1,000 வாட் இஸ்திரிப் பெட்டி, 53 ஓம். எதிர்வீட்டில் ஒரே ஒரு 100 வாட் பல்பு, 529 ஓம். மேலே போட்ட அதே கணக்குதான்: இஸ்திரிப் பெட்டிக்கு 36 வோல்ட், பல்புக்கு 364. அந்தப் பல்பின் இடத்தில் உங்கள் டி.வி. இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். சிக்கனமாக மின்சாரம் செலவழிக்கும் வீட்டில்தான் பொருள்கள் புகைகின்றன.

ஃபியூஸ் காப்பாற்றாது. இங்கே ஓடுவது 0.7 ஆம்பியர்கூட இல்லை. 5 ஆம்பியர் ஃபியூஸ் அதற்கு அசையாது. விளக்குகள் திடீரென்று கண் கூசும்படி எரிந்தாலோ, காரணமில்லாமல் மங்கினாலோ முதலில் மெயினை அணையுங்கள். லைன்மேனுக்கு அதன் பிறகு போன் செய்யலாம்.