வேலூர் வேனும் நாம் அச்சடிக்கும் நேரமும்



நமது ஆஸ்பத்திரியைத் தாங்கிவரும் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்துச் சபையார் பலர் ஆண்டுக்கு ஒருமுறையாவது வேன் பேசிக்கொண்டு வேலூருக்குப் போகிறீர்கள். மேல்சிகிச்சைக்காக நோயாளியை அழைத்துச் செல்கிறவர்கள் உண்டு. அங்கே படுத்திருக்கும் உறவினரைப் பார்த்து வருகிறவர்களும் உண்டு. புறப்படுமுன் என்னிடம் கேட்கப்படும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "ஐயா, எந்த வழியாகப் போனால் போலீஸ் தொந்தரவு இல்லாமல் சீக்கிரம் சேரலாம்?" நோயாளிகளோடு அந்தச் சாலையில் பலமுறை போய் வந்தவன் என்பதால் கேட்கிறார்கள். கேள்வியில் இரண்டு விஷயங்கள் கலந்திருக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்த்தால் பதில் நாம் எதிர்பார்க்கிற இடத்தில் இல்லை என்பது விளங்கும்.

முதலில் வழிகளைச் சொல்லிவிடுகிறேன். பெரிய வழி, பழைய எண்ணில் என்.எச். 4, இன்றைய எண்ணில் 48 ஆகிய பெங்களூரு நெடுஞ்சாலை. பூந்தமல்லி, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், காவேரிப்பாக்கம், வாலாஜாபேட்டை, ராணிப்பேட்டை வழியாக வேலூர். இன்னொன்று சி.டி.எச். சாலை. ஆவடி, திருநின்றவூர், திருவள்ளூர், திருத்தணி என்று போய், சோளிங்கர் வழியாக வாலாஜாபேட்டையில் முதல் சாலையோடு சேரலாம்.

பெரிய சாலையை எங்கே பிடிப்பது என்பதிலும் தேர்வு உண்டு. அம்பத்தூர்க்காரர்கள் தொழிற்பேட்டை அருகே சென்னை பைபாஸில் ஏறி, மதுரவாயலில் இறங்கி, வேலப்பன்சாவடி வழியாகப் பூந்தமல்லிக்கு வரலாம். ஆவடிக்காரர்களுக்கு நேராகப் பூந்தமல்லிக்குச் செல்லும் சாலை இருக்கிறது. கிலோமீட்டர் குறைவு, ஆனால் கடைத்தெருக்களும் பள்ளிக்கூடங்களும் நிறைந்தது. மாறாக, பட்டாபிராம் தாண்டி நெமிலிச்சேரியில் வெளிவட்டச் சாலையில் ஏறித் தெற்கே வந்தால், நசரத்பேட்டையில், அதாவது பூந்தமல்லி நெரிசலுக்கு அப்பால், நெடுஞ்சாலையைப் பிடிக்கலாம். வண்டலூரிலிருந்து நெமிலிச்சேரி வரையிலான அந்தப் பகுதி 2014ல் திறக்கப்பட்டது. சுங்கக் கட்டணம் உண்டு. சுற்றாகத் தோன்றினாலும், காலை ஏழு மணிக்கு மேல் ஆவடியிலிருந்து புறப்படுகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். இரவில் மட்டும் எச்சரிக்கை வேண்டும்: வெளிவட்டச் சாலையிலும் பைபாஸிலும் பின்விளக்கு எரியாமல் ஓரங்கட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகள், ஓடும் லாரிகளைவிட ஆபத்தானவை.

திருத்தணி வழியை விரும்புகிறவர்கள் "அங்கே போலீஸ் குறைவு" என்பார்கள். இருக்கட்டும். திருத்தணிக்கு அப்பால் எதிர்வரும் வண்டிக்கும் நமக்கும் நடுவே தடுப்பு இல்லாத சாலை அது. முந்திச் செல்ல ஒவ்வொரு முறையும் எதிர்ப்பக்கம் போகவேண்டும். ஊருக்கு ஊர் வேகத்தடை. முதுகெலும்பு நோயாளியோடு போகிறவர்களுக்கு அந்த வேகத்தடைகள் என்னவென்று தெரியும். ஆடிக் கிருத்திகை சமயத்தில் காவடி எடுத்து நடந்து வருவோர் சாலையெங்கும் இருப்பார்கள். அவர்களுக்கு வழிவிட்டு மெதுவாகத்தான் போகவேண்டும். பெரிய சாலையில் வேலை நடந்து வண்டிகள் முடங்கியிருக்கும் நாளில் மட்டும் இந்த வழி கைகொடுக்கும்.

பெரிய சாலையும் குறையற்றதல்ல. மதுரவாயல்-வாலாஜாபேட்டை பகுதியை ஆறுவழியாக்கும் வேலை ஆண்டுக்கணக்கில் இழுத்தது. சாலை அவ்வளவு மோசமாக இருந்ததால், 2020 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் நெமிலி, சென்னசமுத்திரம் ஆகிய இரண்டு சுங்கச்சாவடிகளிலும் பாதிக் கட்டணம் மட்டுமே வாங்கவேண்டும் என்று உத்தரவிட்டது. (இந்த நெமிலி ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருப்பது, நெமிலிச்சேரியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.) ஆகவே புறப்படுவதற்கு முந்தின நாள், அந்த வாரத்தில் போய்வந்த ஒருவரிடம் விசாரித்துவிடுங்கள். வேலை நடக்கும் மேம்பாலங்களின் அடியில் சர்வீஸ் சாலைக்குத் திருப்பிவிடுவார்கள். எவ்வளவு நல்ல டிரைவரானாலும் அங்கே ஊர்ந்துதான் போகவேண்டும்.

இனி போலீஸ் விஷயம். வேகத்தைப் பிடிப்பது எப்படி என்று தெரிந்துகொண்டால் வீண் பயமும் வீண் தந்திரமும் குறையும். ரேடார் கருவி ஒரு அலையை அனுப்பி, வண்டியில் பட்டுத் திரும்பும்போது அதன் அதிர்வெண் எவ்வளவு மாறியிருக்கிறது என்று பார்த்து வேகத்தைக் கணக்கிடுகிறது. லேசர் கருவி ஒளித்துடிப்புகள் போய்த் திரும்பும் நேரத்தை அளக்கிறது. இரண்டு இடங்களில் கேமரா வைத்து நம்பர் பிளேட்டைப் படித்து, இடைப்பட்ட தூரத்தை எவ்வளவு நேரத்தில் கடந்தோம் என்று கணக்கிடும் முறையும் உண்டு. கேமராவைக் கண்டதும் பிரேக் போடும் பழக்கம் இந்த மூன்றாவதின் முன் பலிக்காது. எதிரே வரும் லாரிக்காரர் ஹெட்லைட்டை மினுக்கிக் காட்டும் தோழமையும் பலிக்காது!

சட்டம் வாகன ஓட்டிக்கும் பாதுகாப்பு தருகிறது. "வேகமாக வந்த மாதிரி இருந்தது" என்று ஒருவர் கண்ணால் பார்த்துச் சொன்ன சாட்சியத்தை மட்டும் வைத்து யாரையும் தண்டிக்க முடியாது. கருவியின் அளவீடு வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 183ஆம் பிரிவு சொல்கிறது. 2021ல் சேர்க்கப்பட்ட 167ஏ விதியின்படி, மின்னணுக் கருவிக்கு அங்கீகாரச் சான்று இருக்கவேண்டும். கண்காணிக்கப்படும் பகுதிக்கு முன்பே எச்சரிக்கைப் பலகை வைக்கவேண்டும். குற்றம் நடந்த 15 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்பவேண்டும். எனவே வண்டியின் பதிவில் பழைய செல்போன் எண் இருந்தால் உடனே மாற்றிவிடுங்கள். சலான் வந்ததே தெரியாமல் இருந்துவிடக் கூடாது.

வேக எல்லை ஊருக்கு ஊர் மாறுகிறது. சென்னைப் பெருநகரப் போக்குவரத்துக் காவல்துறை 2023 நவம்பரில் கார்களுக்கு 60, கனரக வாகனங்களுக்கும் இருசக்கர வாகனங்களுக்கும் 50, ஆட்டோக்களுக்கு 40, குடியிருப்புத் தெருக்களில் எல்லா வாகனங்களுக்கும் 30 கிலோமீட்டர் என்று வகுத்தது. நம்முடைய பகுதி 2022 ஜனவரியில் தொடங்கிய ஆவடி காவல் ஆணையரகத்தில் இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூருக்குப் பிறகு மாவட்டங்கள் மாறுகின்றன. இதையெல்லாம் மனப்பாடம் செய்ய யாராலும் ஆகாது. சாலையோரப் பலகையைப் படிப்பதே வழி. அகண்ட சாலையில் 80ல் வந்து பழகிய கால், ஊர் முகப்பில் 50 என்ற பலகையைத் தாண்டியும் அதே அழுத்தத்தில் இருக்கும். சிக்குகிறவர்களில் பலர் அப்படிச் சிக்குகிறவர்களே.

இன்னொன்றையும் வாடகை வேனில் போகிறவர்கள் அறியவேண்டும். கார்களுக்கு விலக்கு உண்டு. ஆனால் பயணிகளை ஏற்றும் வேன்களுக்கு மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் போகாதபடி வேகக் கட்டுப்பாட்டுக் கருவி பொருத்தவேண்டும் என்பது விதி. ஆம்புலன்ஸுக்கு விலக்கு உண்டு. நோயாளி இருக்கிறார் என்பதற்காக நம் வேன் ஆம்புலன்ஸ் ஆகிவிடாது. உண்மையான ஆம்புலன்ஸ் பின்னால் வந்தால் ஒதுங்கி வழிவிடுவது நம் கடமை. தவறினால் 10,000 ரூபாய் அபராதம்.

இப்போது சில சபைகளின் நோட்டீஸ் ஒன்றை எடுத்துக்கொள்வோம். "ஆவடியில் புறப்பாடு காலை 6.00, வேலூர் சேருதல் 7.45." தூரம் ஏறக்குறைய 125 கிலோமீட்டர். ஆறு மணிக்கு ஆலயத்தின் முன் எல்லாரும் வந்து சேர்ந்துவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம் (நாம் அறிந்த சபைதானே!). ஸ்ரீபெரும்புதூர் வரையுள்ள முதல் 30 கிலோமீட்டருக்கு, கம்பெனி பஸ்கள் ஷிப்டுக்கு ஆளேற்றி ஓடும் அந்த வேளையில், 50 நிமிடம் ஆகும். மீதி 95 கிலோமீட்டருக்கு 55 நிமிடம்தான் இருக்கிறது. மணிக்கு 104 கிலோமீட்டர் வேகம் வேண்டும். டோல்கேட் இல்லை, சிக்னல் இல்லை, டீ இல்லை, சிறுநீர் கழிக்க இறங்கவேண்டிய முதியவர் இல்லை என்றால் மட்டும்! எண்பதுக்கு மேல் போகக்கூடாத வண்டியை ஓட்டும் டிரைவரிடம் நாம் இந்தத் தாளைக் கொடுக்கிறோம்.

183ஆம் பிரிவில் நம்மில் பலர் கேள்விப்படாத ஒரு வாசகம் இருக்கிறது. வேக எல்லையை மீறாமல் முடிக்கவே முடியாத கால அட்டவணையை ஒருவர் வெளியிட்டாலோ, இத்தனை மணிக்குள் போய்ச்சேர் என்று கட்டளையிட்டாலோ, அதுவே அவர் குற்றம் செய்தார் என்பதற்கு முதல்நிலைச் சான்றாக எடுத்துக்கொள்ளப்படும். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் அபராதமும் உயர்ந்தது: இலகுரக வாகனத்துக்கு 1,000 முதல் 2,000 ரூபாய், நடுத்தர, கனரக வாகனங்களுக்கு 2,000 முதல் 4,000 ரூபாய். ஓட்டுகிறவர் மட்டுமல்ல, தன்னிடம் வேலை செய்கிறவரை அல்லது தன் கட்டுப்பாட்டில் இருப்பவரை அப்படி ஓட்டச் செய்கிறவரும் அதே பிரிவுக்குள் வருகிறார். சொந்த வேன் வைத்திருக்கும் சபைக் கமிட்டிகள் இதைக் கூட்டத்தில் ஒருமுறை வாசிப்பது நலம். சலான் தொகையை டிரைவரின் சம்பளத்தில் பிடிப்பது வழக்கமாக இருக்கிறது. நோட்டீஸ் அடித்தவர் யார் என்று யாரும் கேட்பதில்லை.

வேகத்தால் கிடைப்பதுதான் என்ன? ஸ்ரீபெரும்புதூருக்கு அப்பால் 90 கிலோமீட்டர் தடையின்றிக் கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டாலும், 80ல் போனால் ஏறக்குறைய 68 நிமிடம், 100ல் போனால் 54 நிமிடம். பதினாலு நிமிட லாபம். பூந்தமல்லியில் ஒரு திங்கட்கிழமைக் காலை நெரிசல் அதை விழுங்கிவிடும். கொடுக்கும் விலையோ பெரிது. 100ல் ஓடும் வண்டி ஒரு விநாடியில் 28 மீட்டர் நகர்கிறது. டிரைவர் மாட்டைப் பார்த்து பிரேக்கில் கால் வைப்பதற்குள் 40 மீட்டர் போய்விடும். மோதும் வேகத்தின் ஆற்றல் 80ல் இருப்பதைப்போல ஒன்றரை மடங்குக்கும் மேல். காஷுவாலிட்டி வாசலில் குடும்பத்தாரோடு நின்றிருக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: "பதினாலு நிமிடம் தாமதமாயிற்று" என்று அங்கே யாரும் அழுததில்லை.

ஆகவே நோட்டீஸை இப்படி அடியுங்கள். ஆவடியில் 5.00 மணிக்குப் புறப்பாடு; ஆட்கள் கூடுவது 4.40. ஸ்ரீபெரும்புதூர் 5.40. அங்கிருந்து 80க்குள் போனால் எழுபது நிமிடத்துக்குச் சற்று மேல். டோல்கேட்டுக்கும் வேலை நடக்கும் இடங்களுக்கும் இருபது நிமிடம், டீக்கு ஒரு கால் மணி. வேலூர் 7.30. அம்பத்தூர்க்காரர்கள் கால் மணி முன்னதாக. நோயாளியின் அட்டையில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியின் எந்த வளாகம் என்று பார்த்துவிடுங்கள். 2022 முதல் இயங்கும் ராணிப்பேட்டை வளாகம் நெடுஞ்சாலையிலேயே, வேலூருக்கு முன்பே வந்துவிடும். ஊருக்குள் இருக்கும் பழைய வளாகத்துக்குப் போய்விட்டுத் திரும்பி ஓடும்போதுதான் வேகம் கூடுகிறது.

முந்தின இரவு டிரைவருக்கு வேறு சவாரி கொடுத்திருக்கிறார்களா என்று வேன் பேசும்போதே கேளுங்கள். ஐந்து மணிக்குப் புறப்பட அவர் நாலு மணிக்கு எழவேண்டும். வேலூரில் நாம் ஓ.பி. சீட்டு வாங்கிக் காத்திருக்கும் நேரத்தில் அவருக்குப் படுக்க ஓர் இடம் ஏற்பாடு செய்யுங்கள். வண்டிக்குள் வெயிலில் வேகவிடாதீர்கள்.

திரும்பும்போது பிற்பகல் ஒரு மணிக்குள் புறப்பட்டால் ஸ்ரீபெரும்புதூரை மாலை நெரிசலுக்கு முன் கடந்துவிடலாம். அதற்குள் டாக்டரைப் பார்த்து முடியாவிட்டால், முண்டியடிக்காமல் இரவு தங்கிவிடுவதே என் யோசனை. ஞாயிறு மாலை மட்டும் எக்காரணத்தாலும் திரும்பவேண்டாம். ஊருக்குப் போனவர்கள் எல்லாரும் அப்போதுதான் சென்னைக்குள் வருகிறார்கள். நசரத்பேட்டையில் ஆவடிக்காரர்கள் இடதுபுறம் வெளிவட்டச் சாலையில் ஏறி நெமிலிச்சேரியில் இறங்கலாம். அம்பத்தூர்க்காரர்கள் நேரே வந்து மதுரவாயலில் பைபாஸ் ஏறலாம். பூந்தமல்லி அடைத்திருக்கிறது என்று தெரிந்தால் அவர்களும் வெளிவட்டச் சாலையிலேயே ஏறி, ஆவடி வழியாக வீடு சேரலாம்.