படுக்கையிலிருந்து கழிவறை வரை

சில மாதங்களுக்கு முன், 76 வயதுடைய ஓர் அம்மையார் இடுப்பெலும்பு முறிவுடன் எங்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். வெளிநாட்டில் பணிபுரியும் அவருடைய மகன், தாயார் இருட்டில் தடுமாறக் கூடாது என்பதற்காகவே, குரல் கொடுத்தால் எரியும் பல்புகளை வீடு முழுவதும் பொருத்திச் சென்றிருந்தார். ஆயினும் அம்மையார் விழுந்தது இருட்டில்தான். படுக்கப் போகுமுன் சுவரிலுள்ள சுவிட்சை அணைப்பது அவருடைய நெடுநாள் வழக்கம். சுவிட்சை அணைத்தபின் அத்தகைய பல்புக்கு மின்சாரம் செல்லாது. எத்தனை முறை கூப்பிட்டாலும் அது எரியாது. மகனின் அக்கறையில் குறையில்லை. தாயாரின் பழக்கத்தை யாரும் கேட்டறியவில்லை, அவ்வளவே.

தானியங்கி வீட்டுக் கருவிகளில் எதை வாங்கலாம் என்று நோயாளிகளின் குடும்பத்தினர் பலர் என்னிடம் கேட்கின்றனர். கடைக்குச் செல்லுமுன், படுக்கையிலிருந்து கழிவறை வரையுள்ள வழியை ஒருமுறை இரவில் நடந்து பாருங்கள் என்பதே என் விடை. சிறுநீர் பெருக்கும் மாத்திரை உண்போர் இரவில் எழ நேரிடலாம். இரத்த அழுத்த மருந்து உண்போருக்குச் சட்டென எழுந்தால் தலை சுற்றலாம். அவ்வழிக்கு, மின்கலத்தில் இயங்கும் அசைவறி விளக்குகள் இரண்டோ மூன்றோ போதும். முழங்காலுக்குக் கீழே பொருத்தினால், காலைத் தரையில் ஊன்றியதும் எரியும், கண்ணும் கூசாது. இணையம், செயலி, கடவுச்சொல் எதுவும் வேண்டியதில்லை.

கை நடுக்கமோ பக்கவாதமோ உள்ளவர்களுக்குக் குரலால் இயங்கும் மின்விசிறியும் விளக்கும் பேருதவி. பேச்சுக் குழறுவோரின் குரலை அவை புரிந்துகொள்ளாமல் போகலாம். ஆகவே சுவர் சுவிட்சும் முன்போலவே இயங்கும்படி அமைத்துத் தருமாறு மின்பணியாளரிடம் கூறுங்கள். பல நிறுவனங்களின் கருவிகள் இணைந்து இயங்குவதற்கென 2022இல் 'மேட்டர்' என்னும் பொதுத் தரம் வெளியானது. அக்குறியுள்ளவற்றை வாங்கினால், ஒவ்வொன்றுக்கும் தனிச் செயலியைத் தேடும் தொல்லை குறையும்.

கருவியைப் பொருத்தியபின் இணையத்தை நிறுத்திப் பாருங்கள். பிறகு மின்சாரத்தையும் நிறுத்திப் பாருங்கள். அப்போதும் நோயாளியால் சமாளிக்க முடிகிறதா என்பதே உண்மையான சோதனை.

மூன்று எச்சரிக்கைகள்: ஆக்சிஜன் செறிவூட்டி போன்ற உயிர்காக்கும் கருவிகளைத் தானியங்கிப் பிளக்கில் இணைக்காதீர்கள். மாத்திரை நேரத்தை ஒலிபெருக்கி அறிவித்தாலும், மாத்திரையை உண்டாரா என்பதை மாத்திரைப் பெட்டியைத் திறந்துதான் அறிய இயலும். அவசர அழைப்புக்கு ஒலிபெருக்கியை நம்பாதீர்கள். 108ஐ அழைக்கப் பொத்தான் வைத்த எளிய கைபேசி ஒன்று தலைமாட்டில் இருக்கட்டும்.

அம்மையார் இப்போது நடைச்சட்டத்தின் துணையோடு நடக்கிறார். இன்றும் சுவிட்சை அணைத்துவிட்டே உறங்குகிறார். கட்டிலடியில் உள்ள சிறு விளக்கு, அவர் எழும்போது தானே எரிகிறது.

அடுத்த முறை வரும்போது உங்கள் வீட்டின் அவ்வழியைக் கைபேசியில் படமெடுத்து வாருங்கள். விளக்கு எங்கே, கைப்பிடி எங்கே என்று சேர்ந்தே முடிவு செய்வோம்.