பாரிஸைப் பார்க்க, லா ஷப்பேலில் சாப்பிட

அக்கரைப் பயணம் – 14

சேலையூர் கேம்ப் ரோடு பக்கம் டிராவல்ஸ் கடைகளில் கொடுக்கும் ஐரோப்பா டூர் நோட்டீஸ் எதையாவது எடுத்துப் பாருங்கள். பத்து நாளில் ஆறு நாடு, ஏழு நாடு என்று இருக்கும். அதில் பாரிஸுக்குக் கிடைப்பது ஒன்றரை நாள். ஈஃபில் கோபுரத்தின் இரண்டாவது தளம், சேன் நதியில் ஒரு படகுச் சவாரி, மிச்ச ஊரெல்லாம் பஸ் ஜன்னல் வழியே. ராத்திரி ஊருக்கு வெளியே ஏதோ ஒரு ஹோட்டலில் பனீர் பட்டர் மசாலா. மாடம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம், அகரம்தென் வட்டாரத்தில் ரிட்டயர் ஆனவர்கள் பலர் இப்படித்தான் போய் வருகிறார்கள். "மொழி தெரியாது, சாப்பாடு ஒத்துக்காது, குரூப்போட போறதுதான் சேஃப்" என்பார்கள்.

இரண்டு பயமும் நியாயமானவைதான். ஆனால் பாரிஸைப் பொறுத்தவரை இரண்டுக்கும் மருந்து ஒரே இடத்தில் இருக்கிறது, அதுவும் ஊரின் வடக்கு ரயில் நிலையத்தை ஒட்டியே. அந்த இடத்தைத் தெரிந்துகொண்டால் அறுபது, அறுபத்தைந்து வயதுத் தம்பதி யார் துணையும் இல்லாமல் ஒரு வாரம் பாரிஸில் இருந்துவிட்டு வரலாம்.

கார் து நோர் என்பது அந்த ரயில் நிலையத்தின் பெயர். ஐரோப்பாவிலேயே அதிகக் கூட்டம் புழங்கும் நிலையம். விமான நிலையத்திலிருந்து வரும் ஆர்.இ.ஆர். 'பி' ரயில் நேராக இங்கேதான் கொண்டுவந்து விடும். வெளியே வந்து, நிலையத்தின் கிழக்குப் பக்கத்தை ஒட்டிப் போகும் ஃபோபூர் சான் தெனி தெருவில் வடக்கு நோக்கி நடங்கள். கொஞ்ச தூரத்தில் கடைப் பலகைகளில் தமிழ் தெரிய ஆரம்பிக்கும். வலது கையில் பிரியும் ரூ காய் தெருவுக்குள் நுழைந்தால் முருங்கைக்காய், வாழைப்பூ, கறிவேப்பிலை எல்லாம் அட்டைப் பெட்டியோடு நடைபாதையில் இருக்கும். நகைக்கடை, புடவைக்கடை, சலூன், பூமாலை, கல்யாண அழைப்பிதழ் அச்சடிக்கும் இடம் என ஒன்றும் பாக்கி இல்லை. இதுதான் லா ஷப்பேல். 1983க்குப் பிறகு இலங்கையிலிருந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவர்கள் உருவாக்கிய கடைத்தெரு. புதுச்சேரித் தமிழர்கள் அதற்கு முன்பே பிரெஞ்சுக் குடியுரிமையோடு இங்கே வந்திருந்தார்கள். ஆனாலும் இந்தத் தெருவின் பேச்சும் சமையலும் யாழ்ப்பாணம்தான்.

நம் ஊர் பவன் வகை இட்லி தோசைதான் வேண்டும் என்றால் ஃபோபூர் சான் தெனி தெருவிலேயே சரவண பவன் இருக்கிறது. நான் அதைச் சிபாரிசு செய்ய மாட்டேன். அவ்வளவு தூரம் போய் தாம்பரத்தில் கிடைப்பதையே சாப்பிடுவானேன்? பக்கத்தில் நாலு மேசை போட்ட சின்னச் சாப்பாட்டுக் கடைகள் இருக்கின்றன. உள்ளே போனால் கல்லாவில் இருக்கும் அம்மா, "வாங்கோ அண்ணை, இஞ்ச இருங்கோ. அக்காவும் இருங்கோ. சோறோ, கொத்தோ?" என்பார். வெறும் இடியப்பமும் சொதியும் போதும் என்று சொல்லிப் பாருங்கள். "சம்பல் வைக்கட்டோ? உறைக்கும், பரவாயில்லையோ?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிடுவார். உறைக்கத்தான் செய்யும். பிரெஞ்சுக் கஃபேயில் ஒரு தட்டுக்குக் கொடுக்கும் காசில் இங்கே இரண்டு பேர் வயிறார எழுந்திருக்கலாம்.

லா ஷப்பேல் மெட்ரோவைத் தாண்டி இன்னும் கொஞ்சம் வடக்கே, ரூ பஜோல் தெருவில் மாணிக்க விநாயகர் ஆலயம். 1985இல் தொடங்கியது. ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பர் தொடக்கத்திலோ ஒரு ஞாயிற்றுக்கிழமை தேர் வீதியுலா வரும். நடுத்தெருவில் தேங்காய்களை மலைபோலக் குவித்து, மஞ்சள் பூசிக் கற்பூரம் ஏற்றி, தேர் நெருங்கும்போது அத்தனையையும் உடைப்பார்கள். பிரெஞ்சுக்காரர்கள் ஜன்னலில் குழந்தைகளைத் தூக்கிக் காட்டுவார்கள். தேதி ஒத்துவந்தால் அந்த ஞாயிறை விட்டுவிடாதீர்கள். ஆனால் ஆகஸ்டில் பாரிஸ்காரர்களே ஊரைக் காலி செய்துவிடுவதால் சின்னக் கடைகள் பல மூடியிருக்கும். எனக்குப் பிடித்த மாதம் செப்டம்பரின் பின்பாதி. வெயிலும் இல்லை, நடுக்கமும் இல்லை.

சாப்பிட லா ஷப்பேல் என்றேன். தூங்கவும் அங்கேயே என்று சொல்லவில்லை. கார் து நோர் சுற்றுவட்டாரத்தில் ராத்திரி நடமாட்டம் வயதானவர்களுக்கு மனதுக்கு ஒப்பாது. மெட்ரோ 4ஆம் வழித்தடத்தில் எங்காவது ரூம் பாருங்கள். இதே வண்டி கார் து நோரையும் தொடும், நோத்ர தாம் ஆலயம் இருக்கும் சித்தே நிறுத்தத்தையும் தொடும். முன்பதிவில் காட்டும் வாடகைக்கு மேல் தலைக்கு இவ்வளவு என்று தினமும் ஒரு நகர வரி உண்டு. கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

டிக்கெட் விஷயத்தைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். 2025 ஜனவரியில் மெட்ரோ கட்டணத்தை 2.50 யூரோவாகவும், விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் வர 13 யூரோவாகவும் வைத்தார்கள். ஒவ்வொரு ஜனவரியும் இது கொஞ்சம் ஏறும். இருவர் போக வர விமான நிலையக் கட்டணமே ஐம்பதைத் தாண்டுகிறது. வாராந்தர நவிகோ பாஸ் ஒருவருக்குச் சுமார் 32 யூரோ, அட்டைக்கு 5 யூரோ தனி. விமான நிலைய ரயிலும் அதிலேயே அடக்கம். பாஸ்போர்ட் சைஸ் போட்டோ ஒன்று வேண்டும், ஊரிலிருந்தே எடுத்துப் போங்கள். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. வாரம் என்றால் வாங்கிய நாளிலிருந்து ஏழு நாள் இல்லை, திங்கள் முதல் ஞாயிறு வரை. வியாழன் வரை நடப்பு வாரத்துக்கு விற்பார்கள், வெள்ளிக்கிழமை கேட்டால் அடுத்த வாரத்துக்குத்தான். ஆகவே திங்கள் காலை போய் இறங்குகிற மாதிரி விமான டிக்கெட் போடுங்கள். சில்லறையாக டிக்கெட் வாங்கினாலும் ஆளுக்கொரு அட்டை வேண்டும். ஒரே அட்டையை இரண்டு பேர் தட்டிப் போக முடியாது. நடுவில் பரிசோதகர் பிடித்தால் அங்கேயே அபராதம், சமாதானம் எடுபடாது.

முழங்கால் வலி உள்ளவர்களுக்கு மெட்ரோ ஒரு தண்டனை. நூறாண்டு பழசான நிலையங்களில் லிஃப்ட் கிடையாது, மாற்றுப் பாதை முழுக்கப் படிக்கட்டு. லிஃப்ட் முழுமையாக இருப்பது புதிதாகக் கட்டிய 14ஆம் வழித்தடத்தில்தான். எனவே பஸ்ஸில் ஏறுங்கள். ஈஃபில் கோபுரத்தை ஒட்டிய மைதானத்திலிருந்து கிளம்பும் 69ஆம் நம்பர் பஸ் ஓர்சே, லூவ்ர், பஸ்தீய் எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டு ஊரைக் குறுக்காகக் கடக்கிறது. டூரிஸ்ட் பஸ்ஸுக்கு நாற்பது யூரோ கொடுப்பவர்கள் பார்ப்பதில் பாதியை இது பாஸிலேயே காட்டிவிடும். மெட்ரோவில் போய்த்தான் ஆகவேண்டும் என்றால் 6ஆம் வழித்தடத்தில் ஒருமுறை போங்கள். பாசி நிறுத்தத்துக்கும் பீர் ஹாக்கேம் நிறுத்தத்துக்கும் நடுவே வண்டி ஆற்றுக்கு மேலே ஓடும்போது கோபுரம் ஜன்னலில் வந்து நிற்கும்.

லூவ்ர், கிமே அருங்காட்சியகங்கள் இரண்டுக்கும் செவ்வாய் விடுமுறை. ஓர்சே அருங்காட்சியகம், வெர்சாய் அரண்மனை இரண்டுக்கும் திங்கள் விடுமுறை. இது தெரியாமல் வெர்சாய் வரை ரயிலேறிப் போய் இரும்புக் கதவைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் எல்லா வாரமும் உண்டு.

லூவ்ர் இப்போது நம்மைப் போன்றவர்களுக்கு விலை கூடிவிட்டது. 2026 ஜனவரி முதல் ஐரோப்பியப் பொருளாதார வட்டாரத்தைச் சேராதவர்களுக்கு 32 யூரோ, சேர்ந்தவர்களுக்கு 22. பதினெட்டு வயதுக்குள் இருந்தால் இலவசம், அதனால் பேரப்பிள்ளைகளுக்குக் கவலை இல்லை. நேரம் குறித்து இணையத்தில் முன்பதிவு செய்துகொள்ளுங்கள். புதன், வெள்ளி இரவு 9 மணி வரை திறந்திருக்கும், அந்தச் சாயங்காலங்களில் நெரிசல் சற்றுக் குறையும். உள்ளே எல்லாரும் ஓடுவது மோனாலிசாவிடம். 77 சென்டிமீட்டர் உயரப் படம், அதன் முன்னால் ஐந்நூறு செல்போன். அங்கேயே நின்ற இடத்தில் திரும்பிப் பாருங்கள். எதிர்ச்சுவர் முழுக்க வெரோனேஸே வரைந்த கானா ஊர்க் கல்யாண விருந்து, கிட்டத்தட்ட பத்து மீட்டர் அகலம். பந்தியில் அத்தனை பேர், வாத்தியக்காரர்கள், பரிமாறுகிறவர்கள், மேசைக்கடியில் நாய். அதற்கு முன்னால் ஆளே இருக்காது. பிறகு கீழே போய் ஹம்முராபியின் சட்டக் கல்லைப் பாருங்கள். ஆளுயரத்துக்கும் மேற்பட்ட கருங்கல் முழுக்கப் பொடிப்பொடியாய் எழுத்து. கோயில் சுவரில் கல்வெட்டு பார்த்துப் பழகிய நமக்கு அங்கிருந்து நகர மனம் வராது.

நோத்ர தாம் ஆலயம் 2019 ஏப்ரல் 15 அன்று எரிந்தது. 2024 டிசம்பரில் மறுபடி திறந்தார்கள். நுழையக் கட்டணம் இல்லை. வரிசையில்லாமல் கூட்டிப்போகிறேன் என்று யாராவது காசு கேட்டால் நம்பாதீர்கள். உள்ளே கல்லைச் சுத்தம் செய்திருக்கிறார்கள், வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது, பழைய இருட்டு அழகைப் பார்த்தவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருக்கலாம். எல்லாரும் முகப்பில் படம் எடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். நீங்கள் பாலம் தாண்டித் தென்கரைக்குப் போய், ஆற்றோரமாக நடந்து, ஆலயத்தின் பின்பக்கத்தைப் பாருங்கள். அரைவட்டமாக வளைந்து நிற்கும் அந்தப் பின்சுவர் மாடம்பாக்கத்துக்காரர்களுக்குப் புதிதல்ல. நம் தேனுபுரீசுவரர் கோயில் கருவறையைப் பின்னால் போய்ப் பார்த்தால் இதே வளைவு இருக்கிறது. தூங்கானை மாடம் என்று சிற்பிகள் சொல்லும் யானை முதுகு வடிவம். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள நம் கோயிலின் தொடக்கம் 10ஆம் நூற்றாண்டுச் சோழர் காலம். நோத்ர தாமுக்கு அஸ்திவாரம் போட்டது 1163 வாக்கில். இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனால் நம் ஊர் ஏரிக்கரைப் பக்கம் தினமும் வாக்கிங் போகிறவர்களில் எத்தனை பேர் கோயிலின் பின்பக்கம் போய்ப் பார்த்திருக்கிறார்கள் என்று எனக்குச் சந்தேகம் உண்டு. பாரிஸுக்கு டிக்கெட் போடும் முன் ஒரு நடை போய் வாருங்கள்.

அதே தீவில் சாந்த் ஷப்பேல். 1248இல் முடித்த சின்ன ஆலயம், சுவரே இல்லாமல் கண்ணாடி ஓவியத்தாலேயே எழுப்பியது போலிருக்கும். மேகம் இல்லாத காலையில் போங்கள். நீதிமன்ற வளாகத்துக்குள் இருப்பதால் சோதனை கடுமை. பழம் நறுக்கும் கத்தி பையில் இருந்தால் பறிபோகும்.

ஈஃபில் கோபுரத்துக்கு லிஃப்ட் டிக்கெட் 60 நாளுக்கு முன்பே இணையத்தில் வரும், வந்த வேகத்தில் தீரும். கிடைக்கவில்லை என்று வருந்தாதீர்கள். மேலே ஏறினால் கோபுரம் தெரியாது! மாலை மூன்று மணிக்கு இயேனா சதுக்கத்தில் உள்ள கிமே அருங்காட்சியகத்துக்குப் போங்கள். ஆசியக் கலைகளுக்கென்றே உள்ள இடம். சோழர் கால நடராஜர் செப்புத்திருமேனி அங்கே இருக்கிறது, கூட்டமே இருக்காது. எப்படி இங்கே வந்தார் என்று கேட்டுக்கொண்டே எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம். ஆறு மணிக்கு மூடுவார்கள். அங்கிருந்து பத்து நிமிட நடையில் த்ரோகதேரோ மேடை. நேர் எதிரே 330 மீட்டர் கோபுரம். இருட்டிய பிறகு ஒவ்வொரு மணி தொடக்கத்திலும் ஐந்து நிமிடம் மின்னும். ஜூனில் போனால் சூரியன் மறையவே இரவு பத்தாகிவிடும், மின்னல் பார்க்கப் பதினொன்று வரை கண்விழிக்க வேண்டும். செப்டம்பர் என்று சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

மதியங்களில் லா ஷப்பேல் வரை ஓடி வர முடியாது, பக்கத்தில் உள்ள பிரெஞ்சுக் கடையில்தான் சாப்பிட வேண்டும். கடைக்குள் நுழைந்ததும் முதல் வார்த்தை "போன்ஷூர்". அதைச் சொல்லாமல் ஆங்கிலத்தில் ஆரம்பித்தால் முகம் இறுகிவிடும், சொன்னால் அவர்களே ஆங்கிலத்துக்கு வருவார்கள். சைவம் என்று சொன்னாலும் மீன் வரலாம், "சான் வியாந்த், சான் ப்வாஸ்ஸோன்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். வெங்காய சூப்பில் பொதுவாக மாட்டெலும்புச் சாறுதான் அடிப்படை. குழாய்த் தண்ணீர் குடிக்கலாம், "கராஃப் தோ" என்று கேட்டால் ஜாடியில் இலவசமாகத் தருவார்கள். தெருக்களில் பச்சை நிற இரும்புக் குடிநீர்த் தூண்கள் 1872லிருந்து நிற்கின்றன, பாட்டிலை அதில் நிரப்பிக்கொள்ளலாம். பில்லிலேயே சேவைக் கட்டணம் அடக்கம் என்பதால் டிப்ஸ் கட்டாயமில்லை.

கழிவறையில் தண்ணீர்க் குழாய் இருக்காது. கைப்பையில் ஒரு காலி பாட்டில் எப்போதும் இருக்கட்டும். தெருவோர இலவசக் கழிவறைகளில் ஒருவர் வெளியே வந்ததும் கதவு மூடி அதுவாகவே கழுவிக்கொள்ளும். பச்சை விளக்கு வந்த பிறகே நுழையுங்கள், இல்லையென்றால் உங்களையும் சேர்த்துக் கழுவிவிடும்.

பெண்களுக்கு ஒன்று. தாலிச் சங்கிலியை பேங்க் லாக்கரில் வைத்துவிட்டு மஞ்சள் கயிற்றோடு போங்கள். மெட்ரோ வாசலிலும் சாக்ரே கேர் ஆலயப் படிக்கட்டிலும் கழுத்தைப் பார்த்துத்தான் பின்தொடர்வார்கள். கையெழுத்து கேட்டு அட்டையோடு வரும் இளம்பெண்கள், மணிக்கட்டில் கயிறு கட்ட வரும் ஆசாமிகள், கீழே கிடந்ததாக மோதிரம் நீட்டுகிறவர்கள் யாரிடமும் நிற்க வேண்டாம்.

ஷெங்கன் விசா பற்றிச் சுருக்கமாக. கட்டணம் 90 யூரோ, பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். பென்ஷன் ஆவணமும் பேங்க் ஸ்டேட்மென்ட்டும் நன்றாக இருந்தால் வேறு ஜோடனை வேண்டாம். பிரான்சில் இருக்கும் பிள்ளை வீட்டில் தங்குவதானால், அவர் தன் ஊர் நகராட்சியில் வரவேற்புச் சான்று ஒன்று வாங்கி அனுப்ப வேண்டும். நாள் பிடிக்கும், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கார் து நோரின் மாடியிலிருந்துதான் லண்டன் போகும் யூரோஸ்டார் புறப்படுகிறது. இரண்டேகால் மணி நேரம்தானே, ஒரு நடை போய் வரலாம் என்று தோன்றும். பிரிட்டன் விசா தனி, ஷெங்கன் அங்கே செல்லாது. பிரிட்டிஷ் அதிகாரிகள் பாரிஸ் மாடியிலேயே உட்கார்ந்து பாஸ்போர்ட் பார்க்கிறார்கள். விசா இல்லாவிட்டால் ரயிலையே பார்க்க முடியாது. விசா உள்ளவர்கள் அடுத்த வாரம் என்னோடு ஏறலாம், லண்டன் ஈஸ்ட் ஹாம் வரை.