மாதுளைக் கப்சியூலும் நமது கடைத் தட்டும்

சென்ற மாதம் விற்பனை முகவர் ஒருவர் கண்டியிலுள்ள எனது கடைக்கு வந்தார். "ஹாஜியார், இந்த மாதுளைக் கப்சியூலை எடுத்தால் பத்து வயது குறையும். தட்டில் வையுங்கள், நல்ல இலாபம்" என்றார். இலாபக் கணக்கைக் கேட்டதும் என் மனம் சற்று ஆடியது உண்மைதான்.

பக்கத்தில் நின்ற நெடுநாள் வாடிக்கையாளரான ஒரு நானா, "அப்போ சீனிக் குளிசையை விட்டுவிடலாமா?" என்று கேட்டார். அந்தக் கேள்விதான் என்னை விசாரிக்க வைத்தது.

நமது உடற்கலங்களுக்குள் உணவைச் சக்தியாக மாற்றும் சிறு ஜெனரேட்டர்கள் உள்ளன. இவற்றை இழைமணிகள் என்பர். வயது ஏற ஏற இவை பழுதடைகின்றன. பழுதானவற்றை அகற்றும் வேலையும் தளர்ந்துவிடுகிறது. மாதுளை உண்டபின் சிலரின் குடல் பற்றீரியாக்கள் ஆக்கும் 'யூரோலித்தின் ஏ' இவ்வேலைக்கு உதவுவதாக 2016இல் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் கண்டனர். ஆயுள் 45 வீதம் கூடியது. ஆனால் கூடியது புழுக்களுக்கு! முகவர் அதைச் சொல்லவில்லை.

மனிதரில்? 2022இல் வெளியான அமெரிக்க ஆய்வில், 65 வயதுக்கு மேற்பட்ட 66 பேர் நான்கு மாதங்கள் பங்கேற்றனர். கை, கால் தசைகளின் தாக்குப்பிடிக்கும் திறன் கூடியது. ஆனால் ஆறு நிமிடத்தில் நடக்கும் தூரம், வெற்றுக் கப்சியூல் எடுத்தவர்களை விடக் குறிப்பிடத்தக்களவு கூடவில்லை. ஆய்வுக்குப் பணம் கொடுத்ததும் அதைத் தயாரிக்கும் கம்பனியே.

வியாபார நண்பர்களே, இத்தகைய சரக்கை வாங்குமுன் மூன்றைப் பாருங்கள். மருந்துக்கும் உணவுக்கும் இடைப்பட்ட பொருட்களுக்கு, 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டப்படி பதிவு வேண்டும். பதிவு இலக்கத்தைக் கேளுங்கள். "நோய் தீரும்" என்று நீங்களாக வாக்குக் கொடுக்காதீர்கள். மருந்து குடிப்பவரை டாக்டரிடம் கேட்டுவரச் சொல்லுங்கள். இதே வரிசையில் விற்கப்படும் 'கோ-கியூ-10', இரத்தம் உறையாதிருக்கக் கொடுக்கும் வார்பரின் மருந்தின் பலனைக் குறைக்கக்கூடும்.

முகவரிடம் பதிவு இலக்கம் இருக்கவில்லை; சரக்கைத் திருப்பி அனுப்பினேன். நானாவிடம் குளிசையை விட வேண்டாம் என்றேன்.

இழைமணிகளைப் பெருக்க நன்கு நிரூபிக்கப்பட்ட வழி உடற்பயிற்சியே. 1967இலேயே ஓடவைத்த எலிகளின் தசைகளில் ஹொலோசி என்ற அமெரிக்க விஞ்ஞானி இதைக் காட்டினார். காலை முதல் இரவு வரை காசு மேசையில் அமரும் நமக்கு இது பொருந்தும். இப்போது சுபஹுக்குப் பின் நானாவும் நானும் கண்டி வாவியைச் சுற்றி நடக்கிறோம். இதற்கு முதல் தேவையில்லை!