கெட் எங்கள் தீவுப் பெடியன்

அமெரிக்க எழுத்தாளர் ஊர்சுலா லெ குவின் 1968 இல் எழுதிய 'அ விசார்ட் ஆஃப் எர்த்சீ' நாவலில் கண்டங்களே இல்லை. தீவுகளும் அவற்றுக்கிடையே கடலும்தான் உலகம். நாயகன் கெட், கொன்ட் தீவில் ஆடு மேய்த்துத் திரிந்த தாயில்லாப் பெடியன். நிறம் செம்பழுப்பு. யாழ்ப்பாணத் தீவுப்பகுதியின் வேலணையில் பிறந்த நான் அதுவரை படித்த மந்திரக் கதைகளில் வந்தவர்கள் எல்லாரும் பனி பெய்யும் ஊர்களின் வெள்ளைக்காரர். இவன் வள்ளம் ஓட்டினான். உடனே உறவாகிவிட்டான்.

அந்த நிறத்தை லெ குவின் யோசித்தே கொடுத்தார். 2004 இல் வந்த தொலைக்காட்சித் தொடர் கெட்டின் வேடத்தை ஒரு வெள்ளை நடிகருக்குக் கொடுத்தபோது வெளிப்படையாகக் கண்டித்து எழுதினார். அந்தக் கோபத்துக்காக அவரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

தனித் தீவில் விடப்பட்டுத் தன்னை அறியும் இளையவர் கதை எங்கள் கடலுக்குப் புதிதுமல்ல. மணிமேகலையைத் தெய்வம் கொண்டுபோய் விட்ட மணிபல்லவம் நயினாதீவுதான் என்று கொள்வோர் பலர். தன் முற்பிறப்பை அவள் உணர்ந்தது அங்கேதான்.

ஆனால் என்னால் நிதானமாகப் படிக்க முடியாத பகுதி ஒன்று நாவலின் தொடக்கத்திலேயே வருகிறது. கப்பல்களில் வந்த கார்காட் படையினர் ஊர்களைக் கொளுத்திக்கொண்டு மலையேறுகிறார்கள். பன்னிரண்டு வயதுக் கெட் தெரிந்த சிறு மந்திரத்தைக் கொண்டு பனிமூட்டத்தை வரவழைத்து ஊரையே மறைத்துவிடுகிறான். ஊர் தப்புகிறது. அவனோ பேச்சற்று, ஊணுறக்கமற்றுக் கிடக்கிறான். 1990, 91 இல் இராணுவம் தீவுப்பகுதிக்குள் இறங்கியபோது வேலணையும் புங்குடுதீவும் ஊர்காவற்றுறையும் வெறிச்சோடின. எங்களை மறைக்க ஒரு மூட்டமும் வரவில்லை. பேச்சிழந்த பிள்ளைகளை மட்டும் நாங்களும் கண்டோம்.

வளர்ந்து மந்திரம் பயிலும்போது கெட் செருக்கினால் செத்துப்போன ஒரு பெண்ணின் ஆவியை அழைக்கிறான். கூடவே ஒரு நிழலும் வெளியே பாய்ந்து அவன் முகத்தைக் கிழிக்கிறது. அது துரத்தத் தீவு தீவாக ஓடுகிறான். அவனுடைய நிழல் அவனே அழைத்தது. எங்களுடையது நாங்கள் அழைக்காமல் வந்தது. இந்த வேறுபாட்டை மறைத்துவிட்டு அவனோடு உறவு கொண்டாட எனக்கு மனமில்லை. ஆனால் அந்த ஓட்டம் எனக்குத் தெரியும். ஊர் மாறலாம், நாடு மாறலாம், இரவில் அது வந்து கதவடியில் நிற்கும்.

இனி ஓடாதே, திரும்பி நீ அதைத் துரத்து என்கிறார் அவனது குரு ஒகியோன். கெட் சின்ன வள்ளத்தில் தனியே கடலேறுகிறான்.

இந்த இடத்தில் எனக்கு எப்போதும் நெடுந்தீவாரின் நினைவு வரும். 1985 மே 15 அன்று, நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்கு வந்துகொண்டிருந்த குமுதினிப் படகில் பெண்களும் கைக்குழந்தையும் உட்படப் பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். உயிர் தப்பியவர்கள் கடற்படையினரைக் குற்றஞ்சாட்டினார்கள். பிறகு அதே குமுதினி திருத்தப்பட்டு மீண்டும் ஓடியது. ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் பரீட்சைக்கும் போக, சனம் அதே பலகைகளில் போய் உட்கார்ந்தது. கெட்டுக்கு ஒகியோன் இருந்தார், வெட்ச் என்ற தோழன் இருந்தான், பாய்க்குள் காற்றை வரவழைக்கும் மந்திரம் இருந்தது. நெடுந்தீவாருக்கு அந்தப் படகை விட்டால் கரை சேர வேறு வழி இருக்கவில்லை.